ஜோடியாகச் செருகும் விதி: ரேம் தடங்களின் வரலாறு

மேசைக் கணினி ஒன்றைத் தாமே சேர்த்துக் கட்ட முனையும் மாணவர் மதர்போர்டில் பெரும்பாலும் நான்கு ரேம் ஸ்லாட்டுகளைக் காண்பார். கையில் இரண்டு ரேம் பலகைகள் இருந்தால் அவற்றை இரண்டாவது ஸ்லாட்டிலும் நான்காவது ஸ்லாட்டிலும் செருகுமாறு கையேடு கூறும். ஏன் அடுத்தடுத்துச் செருகக்கூடாது, ஏன் ஒரே பெரிய பலகை வாங்கக்கூடாது என்னும் கேள்விகளுக்கு அந்தக் கையேட்டில் விளக்கம் இராது. விதி மட்டும் இருக்கும். அந்த விதிக்குப் பின்னால் ஏறத்தாழ அறுபது ஆண்டுக் கணினி வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் கவனத்துக்குரிய திருப்பம் ஒன்றும் உண்டு. ஒரு காலத்தில் இவ்விதியை மீறினால் கணினி இயங்கவே இயங்காது. இன்று மீறினாலும் இயங்கும். திறனில் ஒரு பகுதியை மட்டும் ஓசையின்றி இழந்துவிடும். கட்டாயமாக இருந்த ஒன்று தேர்வாக மாறியபோது, பிழை கண்ணுக்குத் தெரியாததாயிற்று. கல்வி நிறுவனங்களின் ஆய்வகங்களுக்குக் கணினி வாங்கும் முறையில் இதன் விளைவு இன்றும் தொடர்கிறது.

குறுகிய வழி

கணக்கிடும் பகுதி ஒன்று, நினைவகம் ஒன்று, இரண்டுக்கும் இடையே ஒரு வழி. ஜான் வான் நாய்மன் 1945இல் எட்வாக் கணினி பற்றி எழுதிய வரைவறிக்கையிலிருந்து பரவிய இவ்வமைப்பே இன்றைய கணினிகளுக்கும் அடிப்படை. ஆணைகளும் தரவுகளும் அந்த ஒரே வழியாகத்தான் வந்து போகவேண்டும். ஜான் பேக்கஸ் 1977இல் தமது டூரிங் விருதுப் பேருரையில் இந்தக் குறுகிய வழியை ‘வான் நாய்மன் இடுக்கு’ எனச் சுட்டினார். அவரது கவலை முதன்மையாக நிரல்மொழிகளைப் பற்றியது. ஆயினும் அவர் இட்ட பெயர் வன்பொருள் துறையில் நிலைத்துவிட்டது. 1995இல் வில்லியம் வுல்ஃபும் சாலி மெக்கீயும் எழுதிய சிறு கட்டுரை, செயலியின் வேகம் வளரும் விகிதத்துக்கும் நினைவகத்தின் வேகம் வளரும் விகிதத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டது. செயலி எவ்வளவு விரைந்தாலும் நினைவகத்துக்காகக் காத்திருப்பதிலேயே காலம் கழியும் நிலை வரும் என அக்கட்டுரை எச்சரித்தது. அந்நிலைக்கு ‘நினைவகச் சுவர்’ என்னும் பெயரும் வழங்கலாயிற்று.

இங்கே இரண்டு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். ஒரு தரவைக் கேட்ட கணத்திலிருந்து அது வந்து சேரும் வரை ஆகும் நேரம் ஒன்று; அது காத்திருப்பு நேரம். ஒரு நொடியில் மொத்தம் எத்தனை பைட் வந்து சேரும் என்பது மற்றொன்று. அதனைப் பேண்ட்வித் என்பர். கிணற்றில் ஒரு கமலைக்கு இரு கமலை பூட்டினால் ஒவ்வொரு சாலும் அடியிலிருந்து மேலே வரும் நேரம் குறைவதில்லை. ஆனால் வயலுக்குப் பாயும் நீர் இரட்டிக்கும். நினைவகத் தடங்களைக் கூட்டுவதும் அத்தகையதே. ரேமின் வேகம் அதனால் கூடுவதில்லை. அதனிடமிருந்து ஒரே வேளையில் பெறக்கூடிய அளவு கூடுகிறது.

பெரும்பொறிகளின் காலம்

இந்த உத்தி மேசைக் கணினிக்காகப் பிறந்ததன்று. எம்.ஐ.டி.யின் விர்ல்விண்ட் கணினியில் 1953இல் பொருத்தப்பட்ட காந்த வளைய நினைவகம் அடுத்த இருபது ஆண்டுகளுக்குக் கணினி நினைவகத்தின் பொது வடிவமாயிற்று. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டு 1960இல் செயல்பாட்டுக்கு வந்த டிஃப்ராக் கணினியும் காந்த வளைய நினைவகத்தையே கொண்டிருந்தது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய அப்பொறியில் ஒரு சொல்லின் நீளம் 40 பிட். காந்த வளையத்துக்கு ஒரு குறை உண்டு. அதிலுள்ளதைப் படித்தால் அழிந்துவிடும். உடனே திரும்ப எழுதவேண்டும். ஆகவே ஒருமுறை அணுகிய பகுதியை மீண்டும் அணுகச் சற்றுப் பொறுக்க நேர்ந்தது.

கணக்கிடும் பகுதியின் வேகம் கூடக்கூட இந்தப் பொறுத்திருத்தல் சுமையாயிற்று. லாஸ் அலமாஸ் ஆய்வகத்துக்காக ஐ.பி.எம். கட்டி 1961இல் ஒப்படைத்த ஸ்ட்ரெட்ச் கணினியில் நினைவகம் பல பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, அடுத்தடுத்த முகவரிகள் அப்பிரிவுகளுக்கு மாறிமாறிப் பங்கிடப்பட்டன. முதல் சொல் ஒரு பிரிவில், அடுத்த சொல் அடுத்த பிரிவில். ஒரு பிரிவு மீண்டெழும் நேரத்தில் மற்றொரு பிரிவு தரவை வழங்கும்.

சீமோர் கிரே வடிவமைத்து 1964இல் வெளிவந்த சி.டி.சி. 6600 இதனை மேலும் விரித்தது. அதன் மையச் செயலியின் துடிப்பு 100 நானோவினாடி. ஒரு நினைவகப் பிரிவின் சுழற்சியோ 1,000 நானோவினாடி, அதாவது பத்து மடங்கு. இந்த இடைவெளியை ஈடுகட்ட, ஒவ்வொன்றும் 60 பிட் அகலச் சொற்கள் 4,096 கொண்ட பிரிவுகள் 32 அதில் வைக்கப்பட்டன. பத்து மடங்கு மெதுவான நினைவகத்தை வைத்துக்கொண்டே செயலியைத் தொடர்ந்து இயங்கச் செய்ய முடிந்தது. 1976இல் வந்த கிரே-1 பொறியிலும் இதே கணக்கு: துடிப்பு 12.5 நானோவினாடி, பிரிவின் சுழற்சி 50 நானோவினாடி, பிரிவுகள் 16. நினைவகத்தை விரைவாக்க இயலாதபோது அதனைப் பலவாக்கி இணையாக இயக்குக என்னும் கோட்பாடு அரசு ஆய்வகங்களின் பெரும்பொறிகளில் இவ்வாறு உறுதிப்பட்டது.

கட்டாயத்தின் காலம்

ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டு கண்டறிந்து 1968இல் காப்புரிமை பெற்ற ஒற்றை டிரான்சிஸ்டர் நினைவகச் சிற்றறை, டி-ரேம் எனப்படும் வகைக்கு அடித்தளமிட்டது. டி-ரேமின் கொள்ளளவு விரைந்து பெருகியது, விலை சரிந்தது, வேகமோ மெல்லவே வளர்ந்தது. தனியாள் கணினிகள் பரவிய 1980களில் சில்லுகளை ஒரு சிறு பலகையில் பற்றவைத்து ஸ்லாட்டில் செருகும் முறை வந்தது. சிம் என அழைக்கப்பட்ட அப்பலகையின் 30 முனை வடிவம் ஒரு வேளையில் 8 பிட் தரவை மட்டுமே தரும்.

ஜோடி விதி சாதாரணப் பயனரை எட்டியது இங்கேதான். 80286 செயலியின் தரவுப் பாட்டை 16 பிட் அகலம். ஆகவே இரண்டு சிம் வேண்டும். 80386டி.எக்ஸ்., 80486 ஆகியவற்றுக்கு 32 பிட், நான்கு வேண்டும். 72 முனை சிம் பலகைகள் 32 பிட் அகலத்தோடு வந்தபோது 80486க்கு ஒன்றே போதுமானதாயிற்று. 1993இல் வெளிவந்த பென்டியம் செயலி 64 பிட் பாட்டையைக் கொண்டிருந்ததால் பெரும்பாலான பென்டியம் கணினிகளில் அதே பலகையை மீண்டும் இரண்டிரண்டாகச் செருக வேண்டியதாயிற்று.

இதன் பொருள் தெளிவானது. பல பலகைகள் சேர்ந்தே ஒரு முழு அகலம் ஆயின. ஒரு பலகை குறைந்தால் செயலி கேட்கும் சொல்லின் ஒரு பகுதி எங்குமே இல்லை, கணினி தொடங்காது. தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு எனத் தனித்தனி உதிரிகளை வாங்கிக் கணினி சேர்ப்போர் கூடிய சந்தைகளில் இவ்விதியை எவரும் நூலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. திரை கறுப்பாகவே இருந்தால் விதி மீறப்பட்டிருக்கிறது என்பது விளங்கிவிடும்.

1990களின் பிற்பகுதியில் 64 பிட் அகலமுள்ள 168 முனை டிம் பலகைகள் பரவின. ஒரு பலகையே முழு அகலத்தைத் தந்தது. சில ஆண்டுகள் ஜோடி விதி வழக்கொழிந்தது.

விதியின் மறுபிறப்பு

அது திரும்பி வந்த காரணம் வேறு. 2000 நவம்பரில் வெளிவந்த பென்டியம் 4 செயலியின் பாட்டை நொடிக்கு 3.2 ஜிகாபைட் தரவை ஏற்கவல்லது. அக்காலத்தில் பரவலாக இருந்த பிசி100 வகை எஸ்.டி.-ரேம் 0.8 ஜிகாபைட்டே தரும். இன்டெல் அப்போது ராம்பஸ் நிறுவனத்தின் ஆர்.டி.-ரேம் வகையைத் தேர்ந்தது. அதன் ஒரு தடம் 16 பிட் அகலமே ஆயினும் மிகு விரைவு கொண்டது, நொடிக்கு 1.6 ஜிகாபைட் தரும். இன்டெல் 850 சில்லுத்தொகுதி அத்தகைய தடங்கள் இரண்டை இணைத்துச் செயலியின் தேவைக்குச் சரியாக 3.2 ஜிகாபைட்டை ஈட்டியது. பலகைகளை ஜோடியாகவே செருகவேண்டும். வெற்று ஸ்லாட்டுகளில் மின்சுற்று முற்றுப்பெறுவதற்கென நினைவகமே இல்லாத வெற்றுப் பலகைகளையும் செருகவேண்டும். விதி மிகக் கடுமையாக இருந்த காலம் இது. ஆர்.டி.-ரேமின் விலையும் கடுமையாக இருந்தது, மலிவான டி.டி.ஆர். வகை சந்தையைக் கைப்பற்றியது.

ஆனால் இரட்டைத் தடம் என்னும் கருத்து ஆர்.டி.-ரேமோடு மறையவில்லை. 2001இல் என்விடியாவின் என்ஃபோர்ஸ் சில்லுத்தொகுதி ஏ.எம்.டி. செயலிகளுக்கு இரட்டைத் தட டி.டி.ஆர். நினைவகத்தைத் தந்தது. அதில் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. அன்றைய ஏத்லான் செயலியின் பாட்டை நொடிக்கு 2.1 ஜிகாபைட்டையே ஏற்கும், டி.டி.ஆர்.266 நினைவகத்தின் ஒற்றைத் தடமே அந்த அளவைத் தந்துவிடும். எனவே இரண்டாம் தடத்தால் செயலிக்குப் பெரும்பயன் விளையவில்லை. அதே சில்லுத்தொகுதிக்குள் இருந்த வரைகலைப் பகுதியே மிகுதியும் பயன்பெற்றது. தடங்களைக் கூட்டினால் மட்டும் போதாது. அத்தரவைக் கேட்டு வாங்கும் திறனும் மறுமுனையில் இருக்கவேண்டும்.

2003இல் இன்டெல் 865, 875 சில்லுத்தொகுதிகளில் அந்தப் பொருத்தம் அமைந்தது. பென்டியம் 4இன் பாட்டை 6.4 ஜிகாபைட், டி.டி.ஆர்.400 தடம் ஒன்று 3.2 ஜிகாபைட், இரண்டு சேர்ந்தால் 6.4. ஏ.எம்.டி. நினைவகக் கட்டுப்படுத்தியைச் செயலிக்குள்ளேயே அமைத்து 2003இல் ஏத்லான் 64ஐ வெளியிட்டது. அதன் முதல் வடிவமான 754 முனை சாக்கெட்டில் ஒரு தடமே இருந்தது. அடுத்த ஆண்டு வந்த 939 முனை சாக்கெட் இரு தடங்களைத் தந்தது. அதன்பின் சாதாரண மேசைக் கணினியின் அளவு இரு தடங்கள் என நிலைபெற்றது. இன்று வரை பெரிதும் மாறவில்லை. 2008இல் முதல் கோர் ஐ7 செயலிகள் மூன்று தடங்களோடு வந்தன. மூன்றாம் தடம் வீட்டுக் கணினிகளில் நிலைக்கவில்லை. ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனிக் கம்பித் தொகுதியும் சாக்கெட்டில் கூடுதல் முனைகளும் தேவை என்பதால் செலவு ஏறும். நான்கு, எட்டு, பன்னிரண்டு தடங்கள் பணிநிலையங்களுக்கும் சர்வர்களுக்கும் உரியவையாயின; 2022இல் வந்த ஏ.எம்.டி. எப்பிக் வரிசைச் செயலிகள் பன்னிரண்டு தடங்களைக் கொண்டவை.

நான்கு ஸ்லாட், இரண்டு தடம்

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். நான்கு ஸ்லாட் என்றால் நான்கு தடம் என்று பொருளன்று. வழக்கமான மேசைக் கணினியில் ஒரு தடத்துக்கு இரண்டு ஸ்லாட்டுகள். செயலியை ஒட்டிய முதல் இரண்டும் ஒரு தடம். அடுத்த இரண்டும் மற்றொரு தடம். இரு பலகைகளை முதல் இரண்டு ஸ்லாட்டுகளில் அடுத்தடுத்துச் செருகினால் அவை இரண்டும் ஒரே தடத்தில் நெருக்கியடித்து நிற்க, மற்றத் தடம் வெறுமையாகக் கிடக்கும். திரையில் கொள்ளளவு மட்டும் முழுமையாகத் தெரியும்.

முதலும் மூன்றும் எனச் செருகினாலும் இரு தடங்கள் இயங்குமே, ஏன் இரண்டும் நான்கும் எனக் கேட்கலாம். பெரும்பாலான மதர்போர்டுகளில் கம்பிகள் செயலியிலிருந்து முதலில் அருகிலுள்ள ஸ்லாட்டைத் தொட்டு, பிறகு தொலைவிலுள்ள ஸ்லாட்டில் முடிகின்றன. அருகிலுள்ளதில் மட்டும் பலகை இருந்தால், அதற்கு அப்பால் நீளும் வெற்றுக் கம்பியின் முனையிலிருந்து மின்குறிகள் எதிரொலித்துத் திரும்பும். மிகு வேகத்தில் அந்த எதிரொலி தரவைக் குலைக்கும். முடிவிலுள்ள ஸ்லாட்டை நிரப்பினால் எதிரொலிக்க வெற்றுமுனை இராது. இதே காரணத்தால் நான்கு ஸ்லாட்டையும் நிரப்புவது எப்போதும் நன்மையன்று. தடங்கள் கூடுவதில்லை; கம்பியின் மீதான சுமை கூடுகிறது. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசைக்கு நிறுவனமே வகுத்த அளவு, இரு பலகைகள் எனில் டி.டி.ஆர்.5-5200, நான்கு எனில் 3600.

மௌனமான இழப்பு

ஆர்.டி.-ரேமுக்கும் டி.டி.ஆர்.க்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. 850 சில்லுத்தொகுதி ஜோடியில்லாத பலகையை ஏற்கவில்லை. 865 ஏற்றுக்கொண்டது, ஒற்றைப் பலகையோடும் இயங்கியது. பின்னர் இன்டெல் கொண்டுவந்த ஃப்ளெக்ஸ் மெமரி ஏற்பாடு சமமற்ற பலகைகளையும் ஏற்றது: 8 ஜிகாபைட்டும் 4 ஜிகாபைட்டும் இரு தடங்களில் இருந்தால், 4 உடன் 4 சேர்ந்து இரட்டைத் தடமாகும், எஞ்சிய 4 ஒற்றைத் தடமாக இயங்கும். பயனருக்கு இது பெரிய வசதி. இன்று ஒரு பலகை, பணம் சேர்ந்தபின் மற்றொன்று என வாங்க முடிந்தது. ஆனால் பிழையை அறிவித்துவந்த கறுப்புத் திரையும் அதோடு மறைந்தது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் எத்தனை ஸ்லாட் நிரம்பியுள்ளன என்று காட்டும். எத்தனை தடம் இயங்குகின்றன என்று காட்டாது. டி.டி.ஆர்.5 பலகை ஒவ்வொன்றும் தனக்குள்ளேயே 32 பிட் அகலமுள்ள இரு துணைத் தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அதனால் சில மென்பொருள்கள் ஒற்றைப் பலகையையே இரு தடம் எனக் காட்டும்; அவ்விரண்டும் சேர்ந்தால்தான் பழைய 64 பிட் ஒற்றைத் தடம்.

இழப்பின் அளவைக் கணக்கிடுவது கடினமன்று. டி.டி.ஆர்.4-3200 வகையின் ஒரு தடம் நொடிக்கு 25.6 ஜிகாபைட் தரும், இரண்டு 51.2. இரு நீண்ட எண்வரிசைகளைக் கூட்டி மூன்றாவதில் எழுதும் நிரலுக்கு, ஒரு கூட்டலுக்கு 8 பைட் வீதம் இரண்டு படிப்பும் ஓர் எழுத்தும் என 24 பைட் தேவை. ஒற்றைத் தடத்தில் நொடிக்கு அதிகபட்சம் ஏறத்தாழ 107 கோடிக் கூட்டல்கள். இரட்டைத் தடத்தில் 213 கோடி. இன்றைய செயலியின் ஒரே ஒரு கருவகமே நொடிக்கு ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட கூட்டல்களைச் செய்யவல்லது. எஞ்சிய நேரமெல்லாம் காத்திருப்பே. மொழி மாதிரி ஒன்றைச் சொந்தக் கணினியில் இயக்கும் ஆய்வாளருக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஒவ்வொரு சொற்கூற்றை உருவாக்கவும் மாதிரியின் எடைகள் அனைத்தும் ஒருமுறை படிக்கப்படவேண்டும். எடைகள் 4 ஜிகாபைட் எனில் ஒற்றைத் தடத்தில் நொடிக்கு ஆறு சொற்கூறுகள்தாம் மேல்வரம்பு. இரட்டைத் தடத்தில் பன்னிரண்டு. தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில் திரைக்காட்சிக்கும் இதே நினைவகமே பயன்படுவதால் அங்கும் வேறுபாடு புலப்படும்.

எல்லாப் பணிகளுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். கட்டுரை எழுதுவது, இணையத்தில் தேடுவது, செயலியின் இடைமாற்று நினைவகத்துக்குள் அடங்கிவிடும் சிறு கணக்குகள் ஆகியவற்றில் இரண்டாம் தடத்தின் பயன் அரிதாகவே உணரப்படும். கொள்ளளவே போதாதபோது தடங்களைப் பற்றிப் பேசுவதும் வீண். இரு ஸ்லாட் மட்டுமே உள்ள மதர்போர்டில் சிறு பலகைகள் இரண்டைச் செருகினால் பின்னர் விரிவாக்க இடமிராது. ஆகவே ஒற்றைப் பெரிய பலகையோடு தொடங்குவதற்கும் நியாயம் உண்டு, இரண்டாவது விரைவில் வருமானால்.

அந்த இரண்டாவது பலகை ஒருபோதும் வராத இடங்களில்தான் சிக்கல். கல்லூரி ஆய்வகத்துக்கு நாற்பது கணினிகள் வாங்கும் கொள்முதல் அறிவிப்பில் ‘8 ஜிகாபைட் ரேம்’ என்று மட்டும் இருந்தால், ஒரே 8 ஜிகாபைட் பலகையைச் செருகி வழங்கும் விற்பனையாளர் எந்த நிபந்தனையையும் மீறியவராகார். ஏற்புச் சோதனையில் கொள்ளளவு சரியாக இருக்கும், கணினி இயங்கும், கோப்பு மூடப்படும். செயலியில் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய இரண்டாம் தடம் அக்கணினியின் ஆயுள் முழுவதும் வெறுமையாகக் கிடக்கும். அதில் இயற்பியல் உருவகக் கணக்கையோ மொழித் தரவுத்தொகுதியையோ ஓட்டும் மாணவர், தம் நிரலே மெதுவானது என்று எண்ணக்கூடும்.

இதனைத் தவிர்க்கத் தேவைப்படுவது பெரும் செலவன்று. கொள்முதல் அறிவிப்பில் மொத்தக் கொள்ளளவை அடுத்து, ‘அது இரு தடங்களிலும் சம அளவுப் பலகைகளாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஏற்கெனவே வாங்கிய கணினிகளில், மின்னிணைப்பைத் துண்டித்துப் பெட்டியைத் திறந்து ஸ்லாட்டுகளைப் பார்ப்பதே நம்பகமான சோதனை. ஒற்றைப் பலகை இருந்தால் அதே வகையில், அதே அளவில் இன்னொன்று சேர்க்கலாம். இரண்டும் ஒரே தடத்தில் இருந்தால், கையேட்டைப் பார்த்து ஒன்றை எடுத்து இடம் மாற்றுவதற்குப் பணமே தேவையில்லை.